ஏழாவது வரிசை

ஆதிலட்சுமி மெட்ராசுக்கு எழுதிய எட்டாவது கடிதத்தை 1985 ஜனவரி பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான்தான் தபாலில் சேர்த்தேன். நெசவாளர் சங்கத்தில் எனக்குக் கடிதங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வருகிற தாளுக்கும் போகிற தாளுக்கும் எண் போட்டுப் பழகிய கை, வீட்டுக் கடிதத்துக்கும் எண் போட்டுவிடும். அவள் எதிர்வீட்டுப் பெண். தமிழில் எழுதிக் கொண்டுவருவாள். மெட்ராஸ் காலேஜுக்கு இங்கிலீஷ்தான் மரியாதை என்று நினைத்து, நான் இங்கிலீஷில் மாற்றி, உறைமேல் விலாசம் எழுதி அனுப்புவேன்.

அந்தக் கடிதத்தில் மாற்ற அதிகம் இல்லை. ஆறு வரி எண்கள், வரிக்குப் பதின்மூன்று. எல்லாம் ஒன்று, இல்லாவிட்டால் சைபர். கீழே, "மறுபாதிக்கு இதையே திருப்பிப் போட்டுக்கொள்ளவும்" என்று ஒரு வாக்கியம். நகல் எடுத்து இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அவளுடைய அப்பா சடையப்பன் பட்டுப்புடவைக் கரைக்கும் முந்தானைக்கும் அட்டை அடிப்பவர். பூவோ மயிலோ, முதலில் கட்டம் போட்ட காகிதத்தில் ஏற்றுவார். கட்டம் நிரம்பியிருந்தால் அட்டையில் ஓட்டை, வெறுமையாக இருந்தால் ஓட்டை இல்லை. ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், ஓட்டை விழுந்த இடத்தில் மட்டும் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எழும்பும். யாராவது விளக்கம் கேட்டால் அவர் இவ்வளவுதான் சொல்வார்:

"ஓட்டை கீது, ஓட்டை இல்ல. இந்த ரெண்டே சங்கதிலதான் சார் ஆரணி ஓடிகினு கீது."

பத்தாவதில் கணக்குக்குத் தொண்ணூற்றேழு வாங்கிய பெண், அப்பாவோடு அட்டை எண்ண உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய அம்மா ராஜம்மாள் படவேட்டில் பிறந்தவள். கோலம் அவளிடமிருந்து வந்தது. எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு நூலை நீட்டிக் கட்டிவிடுவார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நூல் போகும். அதற்குள் வாசல் தெளித்துக் கோலத்தை முடித்தாக வேண்டும். ராஜம்மாள் கையை எடுக்காமல், ஒரே கோட்டில் எல்லாப் புள்ளியையும் சுற்றித் தொடங்கின இடத்திலேயே கொண்டுவந்து சேர்ப்பாள். பாவு போடுகிறவர்கள் கம்பும் கையுமாக நின்று, "யக்கா, ஜல்தி. உன் கோடு ஊடு வந்து சேர்றதுக்குள்ள எங்களுக்குப் பசியெடுத்துடும்" என்பார்கள்.

ஒரு வாரப் பத்திரிகையில் திருமலை என்கிற கணக்குப் பேராசிரியர் எழுதியிருந்தார். அவர் மெட்ராசில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டரை வைத்துக் கோலம் போடப் பழக்குகிறாராம். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள் ஆதி.

"அண்ணே, இது நம்ம அட்டைதாண்ணே. கோடு ரெண்டு புள்ளிக்கு நடுவால வெட்டிகினு போச்சின்னா ஒண்ணு. வெட்டாம ஒதுங்கித் திரும்பிட்ச்சின்னா சைபர். அவ்ளோதான். கோலத்தை மூட்டை கட்டி எண்ணா அனுப்பிட்லாம்."

"அவர் காலேஜ் வாத்தியார்ம்மா. உனக்குப் பதில் போடுவாரா?"

"போடலன்னா அவருக்குத்தான் நஷ்டம். எங்க அம்மா கை அங்க ஏது?"

பதில் வந்தது. ஒன்றரை வருஷத்தில் ஏழு கடிதம் போய், ஏழு பதில் வந்தது. அவள் எண்ணாக அனுப்பியதெல்லாம் கோலமாகத் திரும்பி வந்தது. ராஜம்மாள் மெட்ராஸ் படத்தை விரலால் தடவிப் பார்த்து, "கோடெல்லாம் சரிதான். ஆனா கை இழுப்பு இல்லியே. எறும்பு வரிசை கட்டின மாதிரி புள்ளி புள்ளியா கீது" என்று குற்றம் சொல்வாள். ஆதி சிரிப்பாள்.

எட்டாவது கோலம் ஆதி சொந்தமாக யோசித்தது. பதின்மூன்று புள்ளி, பதின்மூன்று வரிசை. ஜனவரி பத்தாம் தேதி பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் முழுசாகப் போட்டாள். அன்று பகலில் சைக்கிள் ஏறி, கன்றுக்குட்டி ஏறி, மறுநாள் விளக்குமாற்றோடு போய்விட்டது. அன்றைக்குத்தான் நான் தபால் போட்டேன். போகியன்று அவளுக்குக் காய்ச்சல். குப்பை கொளுத்தின புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். மாட்டுப் பொங்கலன்று அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. வேலூருக்குக் கொண்டுபோனோம். மூளைக் காய்ச்சல் என்றார்கள். இருபத்திரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை திரும்பக் கொண்டுவந்தோம். கல்யாணம் ஆகாத பெண் என்பதால் எரிக்காமல், ஆற்றோரம் புதைத்தார்கள். இருபது வயது.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி ஓர் உறை வந்தது. மேலே "செல்வி ஆதிலட்சுமி" என்று இருந்தது. திருமலைக்கு விஷயம் தெரியாது. எழுதியிருக்க வேண்டியவன் நான். எழுதவில்லை.

எடுத்துக்கொண்டு போனேன். ராஜம்மாள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. அந்த வீட்டில் மறுபடி குழம்பு வைக்க ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. உறையைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"அவ கோலமா தம்பி?"

"ஆமாக்கா."

"அன்னிக்கு தண்ணிக் குடத்தை இடுப்புல வெச்சிகினு பார்த்தேன். வந்து ஆற அமர பார்க்கலாம்னு போய்ட்டேன். குடு."

வாங்கி, ஒரு புள்ளியில் ஆள்காட்டி விரலை வைத்து ஓட்டினாள். விரல் மேலே ஏறி, வளைந்து, நாலு புள்ளியைச் சுற்றித் தொடங்கின இடத்துக்கே வந்து நின்றது. இன்னோர் இடத்தில் வைத்தாள். அதுவும் தனியாக ஒரு சுற்று சுற்றி நின்றது. மூன்றாவது தடவையும் அப்படியே.

"இது அவளுது இல்ல."

"அக்கா, அவ எழுதின எண்ணேதான். நான் ரெண்டு தடவை பார்த்தேன்."

"இது துண்டு துண்டா அஞ்சாறு கீது தம்பி. அவளுது ஒண்ணு. நான் குடத்தோட நின்னுகினே கண்ணால ஓட்டிப் பார்த்தேன், ஊரெல்லாம் சுத்திகினு வந்து சேர்ந்துச்சி. பெத்தவளுக்குத் தெரியாதா?"

சடையப்பன் உள்ளேயிருந்து வந்தார். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவர் கோட்டைப் பார்க்கவில்லை. வரிசைகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பன்னெண்டுதான் கீது."

"இன்னா பன்னெண்டு?"

"வரிசை. பதிமூணு இருக்கணும். நடு வரிசை இல்ல."

அட்டைக்காரர்கள் பாதிதான் எழுதுவார்கள். பூவின் கீழ்ப்பாதிக்கு அடித்த அட்டையையே திருப்பி ஓட்டினால் மேல்பாதி விழுந்துவிடும். நடுவில் இருக்கிற ஒரே ஓர் அட்டை மட்டும் இரண்டாம் தடவை விழக் கூடாது. விழுந்தால் பூவுக்கு இடுப்பு தடித்துவிடும். அதனால் அதைப் பாதியோடு சேர்த்து எழுதாமல், வேறு சீட்டில் தனியாக எழுதிக் கடைசியில் கோப்பார்கள். ஆரணியில் அட்டை அடிக்கிற யாரிடம் பாதியைக் கொடுத்தாலும், "நடு எங்க?" என்று கை நீட்டுவான். மெட்ராஸ் வாத்தியாருக்கு அது தெரியாது. அவர் பாதியைத் திருப்பிப் பாதியோடு ஒட்டிவிட்டார். முந்தைய ஏழிலும் இந்தச் சிக்கல் வரவில்லை. அவையெல்லாம் அம்மாவின் கோலங்கள், பாதி பாதியாக மடிகிற ஜாதி இல்லை, முழுசாக எழுதினாள். இதைத்தான் முதல்முதலாக அப்பாவின் முறைப்படி எழுதினாள்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றார் சடையப்பன். "நடுவைத் தனியா வை, தனியா வைன்னு தலைல குட்டிக் குட்டிச் சொல்லிக் குடுத்தேன்."

"அந்தச் சீட்டு எங்கன்னு பாருய்யா மொதல்ல."

தேடினோம். கட்டுக் கட்டாக அட்டைகளைப் பிரித்தோம். கட்டம் போட்ட காகிதச் சுருள், அவளுடைய பள்ளிக்கூடப் புத்தகங்கள், சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்கு அடியில், எல்லாம் பார்த்தோம். குழம்பு அடிப்பிடித்து நாறியது. தேடுவதை முதலில் நிறுத்தியவர் சடையப்பன். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"ராஜம்மா. அவ நோட்டுல வெச்சிருப்பா."

"எந்த நோட்டு?"

"அந்தப் பச்ச அட்டை நோட்டு."

"அது எங்க?"

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும். அன்றைக்கு ஆற்றோரத்தில், குழிக்குள் இறக்குவதற்கு முன்னால், அவர் அந்த நோட்டையும் பென்சிலையும் அவள் கைக்கடியில் வைத்ததைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள்.

ராஜம்மாள் அவர் முகத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அவகூடவே அனுப்பிட்டியா?"

"அவ பொருளாச்சே. கொழந்த கேக்குமேன்னு..."

அவள் அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு, மார்க்கெட்டுக்குப் போகலாமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"தோண்டலாமா?"

"வேணாம்மே."

"ஒரு நோட்டுதானே. அவளைத் தொட வேணாம்."

"இருபத்தேழு நாள் ஆயிடுச்சி ராஜம்மா. ஈர மண்ணு. காயிதம் இன்னும் இருக்குமா? அவளை அப்டிப் பார்த்துட்டு அப்பால நீ இந்த ஊட்ல குந்திகினு சோறு துன்னுவியா? என்னால முடியாது."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். தேடியதில் சிதறிக் கிடந்த அரிசியைப் பொறுக்க அன்று யாரும் வரவில்லை.

அன்று மாலை நான் திருமலைக்கு எழுதினேன். இறந்த விவரம் ஒரு பத்தி. நடு வரிசை விவரம் ஒரு பத்தி. படம் போட்டு விளக்கினேன். நாலே நாளில் தமிழில் கையால் எழுதின பதில் வந்தது. "அந்த வரிசையில் பதின்மூன்று இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றோ சைபரோ இருக்கலாம். ஆக மொத்தம் எண்ணாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு விதம். மனிதனால் ஆகாது. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். கோடு ஒன்றாகச் சேருவதை மட்டும் எடுத்துத் தரச் சொல்கிறேன். எங்களுக்கு இயந்திரத்தில் கிடைக்கும் நேரம் குறைவு. பொறுத்துக்கொள்ளுங்கள்."

படித்துக் காட்டினேன். "அத்தினிலயும் அவளுதை மட்டும் எடுத்துக் குடுத்துடுமா?" என்று கேட்டாள் ராஜம்மாள். கொடுத்துவிடும் என்றுதான் நான் சொன்னேன். எனக்கு அன்றைக்கு அப்படித்தான் புரிந்திருந்தது.

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. வெயிலில் பாவு நூல் அறுந்து அறுந்து விழுந்தது. ராஜம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மெட்ராசு இன்னா சொல்லுது தம்பி?" என்பாள். ஆதியின் கோலம் வந்ததும் அதை அட்டையாக அடித்து, ஒரு புடவையாவது நெய்து, வருஷத் திதிக்குப் படைக்க வேண்டும் என்பது சடையப்பன் எண்ணம். கட்டம் போட்டு ஆறு வரிசைவரை வரைந்து வைத்துவிட்டார். ஏழாவதுக்கு இடம் விட்டிருந்தார்.

ஜூலை ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை திருமலையே வந்தார். ஒல்லியான மனிதர். பஸ்ஸில் வந்த வேர்வையில் சட்டையெல்லாம் ஊறியிருந்தது. துணிப்பையில் ஒரு கனத்த கட்டு. ராஜம்மாள் அவருக்கு மோர் கொடுத்துவிட்டு, கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பிரித்தார். மடிப்பு மடிப்பாக ஒன்றோடொன்று ஒட்டிய நீளத் தாள். இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டைகள்.

"இதுலயும் ஓட்டை கீதே" என்றாள் ராஜம்மாள்.

"அது பேப்பரை இழுக்கறதுக்கும்மா."

"இவ்ளோ இன்னாத்துக்கு? எங்க பொண்ணுது எது?"

திருமலை மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அம்மா, எண்ணாயிரத்தையும் போட்டுப் பார்த்துட்டோம். கோடு ஒண்ணாச் சேர்றது நூத்து நாப்பத்து மூணு இருக்கு. உங்க பொண்ணோடது இதுக்குள்ளதான் இருக்கு. நிச்சயமா இருக்கு. எதுன்னு... கணக்கால சொல்ல முடியாது. நீங்க பார்த்திருக்கீங்கன்னு சார் எழுதியிருந்தார். உங்களுக்குத் தெரியும்னு எல்லாத்தையும் கொண்டு வந்துட்டேன்."

ராஜம்மாள் தரையில் உட்கார்ந்தாள். முதல் தாளில் விரலை வைத்து ஓட்டினாள். கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றித் தொடங்கின இடத்துக்கு வந்தது. இரண்டாவது தாள். அதுவும் வந்தது. மூன்றாவது. பத்தாவது. சாப்பிடக் கூப்பிட்டபோது முப்பதைத் தாண்டியிருந்தாள். எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. நடுவில் மட்டும் ஒன்றில் வலது பக்கம் ஒதுங்கும், ஒன்றில் வெட்டிக்கொண்டு போகும். திருமலை கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை அவள் தலை நிமிரவில்லை. அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம், "அந்தப் பொண்ணு எம்.எஸ்ஸி. பசங்களுக்கு வராத கேள்வியெல்லாம் கேட்டா சார்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போனார்.

நாலு நாள் அவள் அந்தத் தாள்களோடு இருந்தாள். நாலாம் நாள் நான் போனபோது சண்டை.

"நூத்தி நாப்பத்தி மூணும் ஒரே கோடுதானே? எல்லாம் நல்லாதான் கீது. கண்ணை மூடிகினு எதுனா ஒண்ணை எடுத்துக் குடும்மே, நான் அட்டை அடிச்சிடறேன்" என்றார் சடையப்பன்.

"எதுனா ஒண்ணா? தெருவுல போற எதுனா ஒரு பொண்ணை இட்டுகினு வந்து ஆதின்னு கூப்டுவியா நீ?"

"அப்ப எதுன்னு சொல்லு. பெத்தவளுக்குத் தெரியாதான்னு கேட்டியே."

கேட்ட பிறகு அவருக்கே அது உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜம்மாள் கோபப்படவில்லை.

"தெரியலியேய்யா. அதான் நாலு நாளா பார்க்கறேன். எதைப் பார்த்தாலும் இதான்னு கீது. அடுத்ததைப் பார்த்தா அதுவும் இதான்னு கீது. குடத்தை எறக்கி வெச்சிட்டு ஒரு நிமிசம் நின்னு பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

மறுநாள், ஜூலை பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. பாவுக்காரர்கள் வருவதற்கு முன் எதிர்வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. ஆறு மாதமாகக் கேட்காத சத்தம். ராஜம்மாள் முதல் தாளைச் சுவரோரம் கல் வைத்து நிறுத்திவிட்டு, அதைப் பார்த்துப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். என் பக்கத்து வீட்டு முனியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இன்னாடி ராஜம்மா இது? சாவு வுழுந்த ஊட்ல வருசம் திரும்பறதுக்குள்ள கோலமா? ஊரு உலகத்துல நடக்குதா இது?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சிகினேதான் போடறியா? எங்க ஊட்ல ஆடி முடிஞ்சா கல்யாணம் வெச்சிகினு கீறேன். எதுத்தாப்ல அபசகுனமா இதைப் பார்த்துகினா நான் தாம்பூலம் மாத்தறது?"

"உன் வாசல்ல போடலக்கா. என் வாசல்ல என் பொண்ணைத் தேடிகினு கீறேன். நீ போய் வேலையைப் பாரு."

முனியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

ஒரு நாளைக்கு ஒரு தாள். வரிசை மாற்றாமல் போட்டாள். போட்டு முடித்துவிட்டு எதிரே நின்று பார்ப்பாள். சில நாள் தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் நிற்பாள். பாவுக்காரர்கள் அவளை அவசரப்படுத்தவில்லை. நூலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கையால் போட்டால் தெரிந்துவிடும் என்று அவள் நம்பினாள். "அவ கை போன வழில என் கை போச்சின்னா, உள்ள ஏதோ ஒண்ணு சொல்லும் தம்பி. பார்த்தா தெரில. போட்டா தெரியும்" என்றாள். ஆடி, ஆவணி, புரட்டாசி. "இன்னிக்கு எப்டிக்கா?" என்று கேட்பேன். "இல்ல தம்பி" என்பாள். ஐம்பது நாளுக்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். முனியம்மாளும் விட்டுவிட்டாள். கல்யாண வீட்டு லட்டை ஒரு தட்டில் வைத்து மூடிக்கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாவு போட முடியாமல் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ராஜம்மாள் மட்டும் நிறுத்தவில்லை. சடையப்பன் கோணியைத் தலைக்குமேல் விரித்துப் பிடித்துக்கொள்ள, அவள் அடியில் குனிந்து போடுவாள். கடைசிச் சுற்றை முடிக்கும்போது முதல் சுற்று கரைந்து வெள்ளைத் தண்ணீராய்ச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். "மழை விட்டப்புறம் போடலாமேம்மே" என்று அவர் ஒரு நாள் சொன்னது கேட்டது. "அந்த நாளு அந்தத் தாளுக்குத்தான்" என்றாள். அப்படிப் பதினொரு தாள் மழையில் போயிற்று.

நூற்று நாற்பத்து மூன்றாவது தாள் டிசம்பர் ஒன்றாம் தேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, எனக்கு லீவு. வாசலில் நின்று முழுசும் பார்த்தேன். போட்டாள். எதிரே வந்து நின்றாள். கையிலிருந்த மாவை உதறினாள்.

"அக்கா?"

"முடிஞ்சிட்ச்சி தம்பி."

"ஒண்ணும் தோணலையா?"

"தோணல." குனிந்து தாளை மடித்தாள். "நூத்தி நாப்பத்தி மூணு நாள்ல ஒரு நாளு அவ வந்து இந்த வாசல்ல இருந்துட்டுத்தான் போயிருக்கா. அந்த வாத்தியாரு பொய் சொல்ல மாட்டாரு. அன்னிக்கும் நான் பார்த்துட்டு, இது இல்லன்னு திரும்பி உள்ள போயிருக்கேன். எந்த நாளுன்னுதான் தெரில. மழைல கரைஞ்சிகினு இருந்தப்பகூட இருக்கலாம்."

சடையப்பன் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. வாசல் தெளித்திருந்தது. கோலம் இல்லை. ஒன்பது மணிக்குச் சடையப்பன் அட்டைக் கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நூற்று நாற்பத்து மூன்று நாளும் அவர் கோலத்தின்மேல் கால் வைத்தவர் இல்லை. எது அவளுடையதோ என்று, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுவரை உரசிக்கொண்டே தெருவுக்கு வருவார். அன்றைக்கு வெறும் ஈரத்தரை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளைத் தோளுக்குத் தூக்கினார். சுவரை ஒட்டியே வெளியே வந்தார்.